லோ ஆங்கிள் என்றாலே அதிகாரம் என்று சொல்லிக்கொடுக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் மாணவர் இணைப்பில் கேமரா ஷாட் வகைகளைப் பற்றி ஒரு முழுப் பக்கம் போட்டிருந்தீர்கள். சினிமாப் பக்கம் என்றாலே நடிகர் பேட்டியும் வசூல் செய்தியும்தான் என்று ஆகிவிட்ட நேரத்தில் ஷாட் பற்றி எழுத ஒரு பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் நன்றி. ஆனால் அந்தப் பக்கத்தின் நடுவில் கட்டம் கட்டி ஒரு அட்டவணை இருந்ததே, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். இடது பக்கம் ஷாட்டின் பெயர், வலது பக்கம் அதன் விளைவு. குளோசப் – உணர்ச்சி. லாங் ஷாட் – தனிமை. லோ ஆங்கிள் (கீழிருந்து அண்ணாந்து எடுப்பது) – அதிகாரம். ஹை ஆங்கிள் (மேலிருந்து குனிந்து எடுப்பது) – பலவீனம். டச்சு ஆங்கிள் (கேமராவைச் சாய்த்து எடுப்பது) – மனக்குழப்பம். விஸ்காம் படிக்கும் என் மகள் அதைக் கத்தரித்து மேசைக்கு மேலே சுவரில் ஒட்டிவிட்டாள், தேர்வில் அப்படியே கேட்பார்களாம். நான் 20 வருடத்துக்கும் மேலாக எடிட்டிங் அறையில் வேலை பார்க்கிறேன். தினமும் அந்தச் சுவரைக் கடந்து போகும்போது மனசு கேட்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

பெயர்கள் தேவைதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. படப்பிடிப்பில் ‘மிட்’ என்றோ ‘சஜஷன்’ என்றோ ஒரு சொல் சொன்னால் போதும், கேமராமேன், ஃபோகஸ் புல்லர், லைட்மேன் எல்லோரும் அவரவர் வேலையில் இறங்கிவிடுவார்கள். (ஒருவரின் தோளுக்குப் பின்னாலிருந்து எதிரில் இருப்பவரைப் பார்க்கும் ஷாட்டைத்தான் நம் ஆட்கள் சஜஷன் என்பார்கள், உங்கள் கட்டுரையில் ஓவர் த ஷோல்டர் என்று இருந்தது, இரண்டும் ஒன்றுதான்.) ஆனால் அந்தப் பெயர்கள்கூட அளந்து வைத்த அளவுகள் இல்லை. ஒரு இயக்குநருக்கு மிட் குளோசப்பாக இருப்பது இன்னொருவருக்கு குளோசப். அதனால்தான் அனுபவப்பட்ட உதவியாளர் பெயரைக் கேட்டதோடு விடாமல், “எங்க கட் ஆகுது, நெஞ்சுலயா தோள்லயா?” என்று ஒருமுறை கேட்டுக்கொள்வார். முழங்காலோடு நிற்கிற ஃபிரேமுக்குப் பிரெஞ்சுக்காரர்கள் ‘அமெரிக்கன் ஷாட்’ என்று பெயர் வைத்தார்கள், அமெரிக்கப் படங்களில் அது அத்தனை முறை கண்ணில் பட்டதால். பெயர் என்பது வேலை செய்கிறவர்களின் வசதிக்கு. அதற்கு எதிரே ‘விளைவு’ என்று ஒற்றைச் சொல்லை எழுதிக் கட்டிப்போடும்போதுதான் தவறு தொடங்குகிறது.

லோ ஆங்கிளையே எடுத்துக்கொள்வோம். 1941இல் வந்த ‘சிட்டிசன் கேன்’ படத்தை எல்லா சினிமா வகுப்பிலும் போட்டுக் காட்டுகிறார்கள், லோ ஆங்கிளுக்கு உதாரணம் என்றால் முதலில் வருவதும் அதுதான். ஆனால் அந்தப் படத்தில் கேமரா தரையோடு தரையாகக் கிடப்பது எப்போது என்று பார்த்தால், படத்தின் நாயகனான பத்திரிகை அதிபர் கேன் தேர்தலில் தோற்றுப்போன இரவில். கூட்டமெல்லாம் கலைந்து காலியான அலுவலகத்தில் அவரும், குடித்துவிட்டு வந்து நிற்கிற அவருடைய பழைய நண்பரும் மட்டும் இருக்கிறார்கள். அந்த உயரத்தில் கேமராவை வைப்பதற்காக அரங்கின் தரையையே உடைத்துக் குழி எடுத்தார்கள். கீழிருந்து பார்த்தால் கூரை தெரிந்துவிடுமே என்று ஒளிப்பதிவாளர் கிரெக் டோலண்டும் இயக்குநர் ஆர்சன் வெல்ஸும் மஸ்லின் துணியில் கூரை கட்டி, மைக்கை அதற்கு மேலே ஒளித்து வைத்தார்கள். சரி, இவ்வளவு பாடுபட்டு எடுத்த அந்த லோ ஆங்கிள் அதிகாரத்தையா காட்டுகிறது? மலை மாதிரி ஒரு உருவம் நிற்கிறது, அதன் தலைக்கு மேல் கூரை வந்து அழுத்துகிறது, எதிரே நிற்கும் நண்பன் அதனிடம் ‘உனக்கு யாரையும் நேசிக்கத் தெரியாது’ என்கிற அர்த்தத்தில் பேசிக்கொண்டிருக்கிறான். உருவம் பெரிதாகத் தெரியத் தெரிய அதன் தோல்விதான் இன்னும் பெரிதாகத் தெரிகிறது. அட்டவணையை நம்பி அந்தக் காட்சிக்கு விடை எழுதும் மாணவர் நேர் எதிராகத்தான் எழுதுவார்.

இன்னொன்று, கேமராவின் உயரம் வேறு, கோணம் வேறு. உங்கள் கட்டுரை இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியிருக்கிறது. ஜப்பானில் ஓசு என்று ஒரு மேதை, இயக்குநர், இருந்தார். அவர் கேமராவைத் தரையில் உட்கார்ந்திருப்பவரின் கண் மட்டத்துக்கும் கீழே வைத்து, கிட்டத்தட்ட எல்லா ஷாட்டையும் 50 எம்.எம். லென்ஸிலேயே, அசையாமல் எடுத்தவர். கேமரா கீழேதான் இருக்கிறது. ஆனால் யாரும் சர்வாதிகாரி மாதிரி தெரிவதில்லை, அந்த வீட்டில் நாமும் ஒரு ஓரமாக உட்கார்ந்து அவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பது போலத்தான் இருக்கும். கீழே வைத்து நேராகப் பார்ப்பதும், கீழே வைத்து அண்ணாந்து பார்ப்பதும் இரண்டு வெவ்வேறு காரியம் என்பதை ஒரு வரியில் சொல்லியிருந்தாலே பிள்ளைகளுக்குப் பாதித் தெளிவு வந்திருக்கும்.

ஹை ஆங்கிளும் அப்படித்தான். ‘சைக்கோ’ 1960இல் வந்தது. துப்பறிகிறவர் மாடிப்படி ஏறி வரும்போது கேமரா திடீரென்று கூரைக்குப் போய்விடும், அறைக்கதவு திறந்து ஒரு உருவம் கத்தியோடு வரும். அட்டவணைப்படி, துப்பறிகிறவர் பலவீனமாகத் தெரிய வேண்டும் என்று கேமராவை மேலே ஏற்றினார்கள் என்றாகும். படத்தின் இயக்குநர் ஹிட்ச்காக், பிரெஞ்சு இயக்குநர் ட்ரூஃபோவுக்குக் கொடுத்த பேட்டியில் காரணத்தை அவரே சொல்லியிருக்கிறார். கொலைகாரியின் முகத்தைக் காட்டக் கூடாது. முதுகை மட்டும் காட்டினால், வேண்டுமென்றே முகத்தை மறைக்கிறார்கள் என்று பார்ப்பவர் சந்தேகப்படுவார். நேர் மேலே போய்விட்டால் அந்தச் சந்தேகமே வராது. இரண்டாவது காரணம் இன்னும் அருமை. அவ்வளவு தூரத்திலிருந்து பார்த்த அடுத்த கணமே கத்தி இறங்குகிற முகத்தின் பெரிய குளோசப்புக்கு வெட்டினால், இசையில் வயலின்கள் ஒலித்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று பித்தளைக் கருவிகள் வெடிப்பது போல இருக்கும் என்று கணக்குப் போட்டிருக்கிறார். அதாவது அந்த டாப் ஆங்கிள் தனக்காக அங்கே இல்லை, பின்னால் வரப்போகும் குளோசப்பை அதிர வைப்பதற்காக இருக்கிறது. என் வேலையில் தினமும் கண்ணால் பார்ப்பதும் இதைத்தான். ஒரு ஷாட்டின் விளைவு அந்த ஷாட்டுக்குள் முழுசாக இருப்பதில்லை, முன்னால் வந்ததும் பின்னால் வருவதும் சேர்ந்துதான் அதைத் தீர்மானிக்கிறது.

இது ஒன்றும் புதுக் கண்டுபிடிப்பு இல்லை. ரஷ்யாவில் இயக்குநர் குலெஷோவ் நூறு வருடத்துக்கு முன்பே செய்து பார்த்த சோதனை இதுதான். ஒரு நடிகரின் எந்தச் சலனமும் இல்லாத குளோசப், அதையே சூப் கிண்ணத்தோடும், சவப்பெட்டியில் கிடக்கும் ஒரு பெண்ணோடும், பொம்மை வைத்து விளையாடும் சிறுமியோடும் மாற்றி மாற்றி ஒட்டிக் காட்டினார்களாம். பார்த்தவர்கள் அவர் சூப்பை மறந்து ஆழ்ந்த யோசனையில் இருப்பதையும் துக்கத்தையும் மகிழ்ச்சியையும் என்னமாய் நடித்திருக்கிறார் என்று பாராட்டியதாக அவருடைய மாணவர் புதோவ்கின் எழுதி வைத்திருக்கிறார். ஒரே முகம், ஒரே துண்டு. அதற்கும் முன்பே, 1903இல் வந்த ‘த கிரேட் டிரெய்ன் ராபரி’யில் ஒரு கொள்ளைக்காரன் நம்மை நேராகப் பார்த்துத் துப்பாக்கியால் சுடும் நெருக்கமான ஷாட் ஒன்று தனியாக வரும். அதைப் படத்தின் ஆரம்பத்திலும் ஒட்டலாம், முடிவிலும் ஒட்டலாம், திரையிடுபவர் விருப்பம் என்று தயாரித்தவர்களே விற்பனைப் பட்டியலில் போட்டார்கள். யோசித்துப் பாருங்கள், ஆரம்பத்தில் வந்தால் அது எச்சரிக்கை, இவன் எப்படிப்பட்டவன் என்று தெரிந்துகொண்டு கதைக்குள் போகிறோம். முடிவில் வந்தால், கொள்ளைக்கூட்டம் மொத்தமும் செத்து எல்லாம் முடிந்தது என்று நாம் மூச்சு விடும்போது அவன் திரும்ப வந்து சுடுகிறான். ஷாட்டின் பெயர் மாறவில்லை, இடம்தான் மாறியது.

இப்போது குளோசப்புக்கு வருகிறேன், உங்கள் அட்டவணையில் எனக்கு மிகவும் வருத்தம் தந்த வரி அதுதான்.

நான் வேலை செய்த ஒரு படத்தில் (பெயர் வேண்டாம்) ஒரு மருத்துவமனைக் காட்சி. வயதான அம்மா ஒருவர் நடைபாதை பெஞ்சில் காத்திருப்பார். டாக்டர் வந்து, இனி செய்வதற்கு ஒன்றும் இல்லை என்பார். அம்மாவாக நடித்தவர் குளோசப்பில் நிஜமாகவே அழுதிருந்தார், கண்ணீர் தானாக வந்தது. இயக்குநருக்கு அதில் அவ்வளவு பெருமை. காட்சியையே அந்தக் குளோசப்பைச் சுற்றித்தான் வெட்டினோம். போட்டுப் பார்த்தால் எங்கள் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவர் அழுகிறார், நாங்கள் பார்க்கிறோம், அவ்வளவுதான். இரண்டு நாளாக அந்த ஷாட்டின் முன்னும் பின்னும் நாலு ஃபிரேம், ஆறு ஃபிரேம் என்று நீட்டியும் குறைத்தும் பார்த்தோம். அப்புறம்தான் நடைபாதையின் கடைசியிலிருந்து எடுத்த வைட் ஷாட்டை மறுபடி ஓட்டினேன். பாதுகாப்புக்காக எடுத்து வைத்த ஷாட், டாக்டர் பேசுவதுகூடச் சரியாகக் கேட்காது. மூன்றாவது தடவை பார்க்கும்போதுதான் கண்ணில் பட்டது, டாக்டர் பேசிக்கொண்டிருக்கும்போது அந்த அம்மா மடியில் இருந்த துண்டை மடிக்கிறார், பிரிக்கிறார், மறுபடி மடிக்கிறார். டாக்டர் போன பிறகும் மடித்துக்கொண்டே இருக்கிறார். அந்தக் கை குளோசப்பில் ஃபிரேமுக்குள்ளேயே இல்லை! அவருடைய நடிப்பில் பெரும்பகுதி கையில் இருந்திருக்கிறது, நாங்கள் முகத்தை மட்டும் வெட்டி எடுத்து வைத்துக்கொண்டு ஏன் ஒன்றும் நடக்கவில்லை என்று தேடிக்கொண்டிருந்தோம். காட்சி முழுவதையும் அந்த வைட் ஷாட்டிலேயே விட்டோம். இயக்குநர் சம்மதிக்க ஒரு வாரம் ஆனது, நிஜமாக அழுத ஒரு டேக்கைத் தூக்கிப் போடுவது யாருக்கும் லேசான விஷயம் இல்லை. ஆனால் முதல் தடவை வெளியாட்களுக்குப் போட்டுக் காட்டியபோது அந்த இடத்தில் அறையே அடங்கிப்போனது. ‘குளோசப் – உணர்ச்சி’ என்ற வரியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் துண்டுதான் ஞாபகம் வருகிறது.

குளோசப்பைக் குறை சொல்லவில்லை. ஆரம்ப காலத்தில் ஒரு பொருளையோ கண்ணையோ திரை நிறையக் காட்டுவதற்கு ஒரு காரணம் சொல்ல வேண்டியிருந்தது, 1900இல் ஜி. ஏ. ஸ்மித் என்ற ஆங்கிலேயர் பாட்டியின் பூதக்கண்ணாடி வழியாகப் பேரன் பார்ப்பதாக வைத்துத்தான் பாட்டியின் கண்ணைப் பெரிதாகக் காட்டினார். அவ்வளவு பெரிய விஷயமாக இருந்தது இன்று வசனம் பேசுகிறவர் வாயைத் திறந்தாலே வந்துவிடுகிறது. சாப்ளின் ‘சிட்டி லைட்ஸ்’ படத்தில் (1931) பெரும்பாலும் முழு உருவத்தையும் காட்டியே கதை சொல்லிக்கொண்டு வந்து, கடைசியில், பார்வை கிடைத்த பெண் அவரை அடையாளம் கண்டுகொள்ளும் இடத்தில் அந்த முகத்துக்கு அருகில் போகிறார். முதல் காட்சியிலிருந்தே அந்த முகத்தை இழைத்து இழைத்துக் காட்டியிருந்தால் கடைசி ஷாட்டில் என்ன மிச்சம் இருந்திருக்கும்? அதற்காக, சேமித்து வைத்துத்தான் குளோசப் போட வேண்டும் என்று நான் ஒரு புது அட்டவணை போட்டுத் தரவும் தயாராக இல்லை. ஏனென்றால் 1928இல் டிரையர் எடுத்த ‘த பேஷன் ஆஃப் ஜோன் ஆஃப் ஆர்க்’ ஏறக்குறைய முழுக்க முழுக்க முகங்களால் ஆனது. மேக்கப் இல்லாத முகங்கள், தோலின் ஒவ்வொரு சுருக்கமும் தெரியும். அங்கே மத விசாரணை செய்கிறவர்களிடமிருந்து ஜோன் என்ற அந்தப் பெண்ணுக்கு ஒதுங்க இடமில்லை, நமக்கும் அவளுடைய முகத்தைத் தவிர வேறு எங்கும் போக இடமில்லை. அந்தக் கதைக்கு அது சரி.

லென்ஸ் பற்றி உங்கள் கட்டுரையில் ஒரு வார்த்தைகூட இல்லை. ஒரே குளோசப், முகம் ஃபிரேமில் ஒரே அளவு, ஆனால் 24 எம்.எம். லென்ஸ் போட்டு அருகில் போய் எடுப்பதற்கும் 100 எம்.எம். போட்டுத் தள்ளி நின்று எடுப்பதற்கும் பார்ப்பவருக்கு ஏற்படும் உணர்வு நேரெதிர். அருகில் போனால் மூக்கு முன்னால் வரும், காது பின்னால் போகும், பின்னணி அகலமாகத் திறந்து கிடக்கும், அந்த ஆள் நம் மூச்சுக்காற்று படும் தூரத்தில் இருப்பதாகத் தோன்றும். தள்ளி நின்று எடுத்தால் முகம் தட்டையாக, அழகாக, பின்னணி கரைந்துபோய், அவருக்குத் தெரியாமல் எங்கிருந்தோ பார்ப்பது போல இருக்கும். அட்டவணையில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான், ஒரே விளைவுதான். மாணவர்கள் கையில் இருக்கும் போனிலேயே இதைச் செய்து பார்க்கலாம். நண்பரை உட்கார வைத்து வைட் லென்ஸில் அருகில் போய் ஒன்று, டெலி லென்ஸில் நாலடி ஐந்தடி தள்ளி ஒன்று, முகம் ஒரே அளவு வருமாறு எடுத்துப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும்.

ஷாட் எவ்வளவு நேரம் திரையில் நிற்கிறது என்பதும் விட்டுப்போய்விட்டது. குளோசப்பைக் கண் ஒரு நொடியில் வாங்கிக்கொள்ளும். பத்துப் பேர் இருக்கும் வைட் ஷாட்டில் யாரைப் பார்ப்பது என்று கண் தேடித் தேடி முடிப்பதற்கே மூன்று நான்கு நொடி வேண்டும். அதே லாங் ஷாட்டை இரண்டு நொடி வைத்தால் இது எந்த இடம் என்று காட்டும் தகவல். பதினைந்து நொடி வைத்தால்தான் உங்கள் அட்டவணை சொல்லும் தனிமை வரும், வராமலும் போகலாம். படம் ஓடுவது பெரிய திரையிலா உள்ளங்கை அளவு போனிலா என்பது இன்னொரு விஷயம், அதைப் பேச ஆரம்பித்தால் கடிதம் நீண்டுவிடும்.

டச்சு ஆங்கிளுக்கும் டச்சுக்காரர்களுக்கும் சம்பந்தம் இல்லை என்பதை மட்டும் ஒரு திருத்தமாகப் போட்டுவிடுங்கள். ஜெர்மன் என்பதைக் குறிக்கும் ‘டாய்ச்’ என்ற சொல் மருவி வந்தது என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள்.

மகளிடம் அட்டவணையைக் கிழி என்று நான் சொல்லவில்லை. தேர்வு இருக்கிறது, மதிப்பெண் வேண்டும். பதிலுக்கு ஒன்று கேட்டேன். அவளுக்குப் பிடித்த எந்தப் படத்திலிருந்தாவது ஐந்து நிமிடக் காட்சி ஒன்றை எடுத்து, சத்தத்தை முழுசாக அணைத்துவிட்டு, ஷாட்டின் அளவு மாறும் ஒவ்வொரு இடத்தையும் குறித்துக்கொண்டு, ஏன் இங்கே மாறியது, ஒரு வசனம் முன்னால் ஏன் மாறவில்லை என்று மட்டும் எழுதச் சொன்னேன். முதல் நாள் ‘உணர்ச்சிக்காக’ என்று எட்டு இடத்தில் எழுதிக்கொண்டு வந்தாள். நாலாவது நாள், “அவன் பொய் சொல்றான்னு அவளுக்குத் தெரியறதுக்கு ஒரு நொடி முன்னாடியே நமக்குத் தெரியணும்னு க்ளோஸ் போயிருக்காங்க” என்று எழுதியிருந்தாள். உங்கள் இணைப்பில் அட்டவணைக்குப் பதில் இப்படி ஒரு பயிற்சி கொடுக்கலாமே.

அடுத்த வாரம் ‘கேமரா நகர்வுகளும் அவற்றின் விளைவுகளும்’ என்று போட்டிருக்கிறீர்கள். அதிலும் ஒரு அட்டவணை அச்சுக்குப் போவதற்குள் இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வர வேண்டும் என்றுதான் அவசரமாக எழுதுகிறேன். ‘டிராலி முன்னால் போனால் நெருக்கம், பின்னால் வந்தால் விலகல்’ என்று தயவுசெய்து போட வேண்டாம். டிராலிக்கும் ஜூமுக்கும் உள்ள வித்தியாசத்தை முதலில் சொல்லுங்கள். டிராலியில் கேமராவே இடம் பெயர்கிறது, அதனால் முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் ஒன்றையொன்று கடந்து போகும். ஜூமில் கேமரா நின்ற இடத்திலேயே நிற்கிறது, படம் மட்டும் பெரிதாகும். இரண்டையும் எதிரெதிராக ஒரே நேரத்தில் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு 1958இல் வந்த ‘வெர்டிகோ’வின் மாடிப்படி ஷாட் இருக்கிறது. ஆள் நின்ற இடத்தில் நிற்க, கீழே தரை மட்டும் நழுவி ஆழத்துக்குப் போகும். அதை நிஜ மாடிப்படியில் எடுக்காமல், சிறிய மாதிரி ஒன்றைச் செய்து படுக்கவைத்து எடுத்தார்கள்.

முடிந்தால் ‘டாக்ஸி டிரைவர்’ (1976) படத்தின் தொலைபேசிக் காட்சியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாயகன் பொதுத் தொலைபேசியில் ஒரு பெண்ணிடம் கெஞ்சிக்கொண்டிருப்பான், அவள் மறுத்துக்கொண்டிருப்பாள். அவன் பேச்சு முடிவதற்குள் கேமரா அவனை விட்டு மெல்லப் பக்கவாட்டில் நகர்ந்து, யாருமே இல்லாத ஒரு நடைபாதையைக் காட்டிக்கொண்டு நிற்கும், குரல் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும். அட்டவணை அதை விலகல் என்று எழுதும். பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த நேரத்தில் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க கேமராவுக்கே மனசு வரவில்லை.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்